அக்கா பெயர் இல்லாத காகிதம்

என் வயசுக்காரிகளே, கோபப்படாமல் வாசியுங்கள். நான் கூட்டத்தில் வாய் திறக்கிறவள் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். பெண்கள் சங்கத்தில் இத்தனை வருஷமும் கடைசிப் பாயில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, ஜெபம் முடிந்ததும் முதல் ஆளாக எழுந்துபோகிறவள். பேச வராது, அதனால் சங்கத்துப் புத்தகத்துக்கு எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்புப் படிப்புதான். பிழை கிடந்தால் கிடக்கட்டும். திருத்த உட்காராதீர்கள். திருத்தித் திருத்தி நாசமான ஒரு காரியத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

காலை பஸ் நம் முக்கில் நிற்கவேண்டும் என்று பஸ் ஆபீசுக்கு ஒரு மனு எழுதத் தொடங்கினோமே, அது என்ன ஆயிற்று? மூன்று ஞாயிறு போய்விட்டது. இங்கிலீஷில்தான் எழுதவேண்டும் என்றாள் செயலாளரம்மா. அவள் மருமகள் போனில் அடித்தாள். போன் சிவப்புக் கோடு போட்டது. அதை மாற்றினால் அடுத்த வரியில் நீலக் கோடு. கமா இங்கேயா அங்கேயா என்று ஒரு ஞாயிறு. 'தயவுசெய்து' ஒன்று போதுமா இரண்டு வேண்டுமா என்று ஒரு ஞாயிறு. மூன்றாவது ஞாயிறு, முதலில் இருந்ததே நல்லது என்று பழையபடி மாற்றினார்கள். மனுவை வாங்கப்போகிற ஆபீசர் நம் தக்கலைப் பக்கத்து ஆள். மீன்குழம்பில் தேங்காய் போதாது என்று வீட்டில் தமிழில் சண்டை பிடிக்கிறவர். பஸ் இன்றைக்குக் காலையிலும் நிற்காமல் போயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழவிகள் ஓடிப்போய்க் கை காட்டிக்கொண்டு நின்றார்கள்.

எனக்கு நெஞ்சு கொதித்தது. இதை நான் பத்து வயசில் ஒருமுறை பார்த்தாயிற்று.

எங்கள் அப்பா சபையில் கோயில்குட்டி. மணி அடிப்பது, பாய் விரிப்பது, விளக்குச் சிமினி துடைப்பது, கல்லறைத் தோட்டத்தில் புல் செதுக்குவது எல்லாம் அவர் வேலை. சபையில் யார் கூப்பிட்டாலும் "வந்தாச்சு" என்பதற்குள் தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு வந்துவிடும். அக்கா எட்டாம் வகுப்புத் தேறி வீட்டில் இருந்தாள். அதற்கு முந்தின வருஷம் அம்மா காலில் புரையோடி மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தாள். துணைக்கு இருந்தவள் அக்கா. மூன்று வாரத்தில் அவள் ஆளே மாறிப்போனாள். வீட்டுக்கு வந்ததும் எங்கள் கிழிந்த போர்வையைக்கூட ஆஸ்பத்திரி மாதிரி நாலு மூலையும் மடித்துச் செருகினாள். முள் எடுக்கிற ஊசியை வெந்நீரில் போடாமல் தொடவிட மாட்டாள். புண்ணைக் கட்டினால் அவிழ்க்கிறபோது நமக்கு வலிக்காது. அந்தக் கை அப்படி.

ஆஸ்பத்திரியை நடத்தினது ஒரு வெள்ளைக்கார டாக்டர் அம்மா. மதாம்மா என்போம். அம்மாவை வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கு மதாம்மா அக்காவின் கையைப் பார்த்துவிட்டுச் சொன்னாளாம்: "எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளை ஜூன் மாதம் நர்ஸ் படிப்புக்கு எடுப்போம். அதற்கு முன்னே ஒரு காகிதத்தில் எழுதிக் கேளுங்கள்." சொன்னது தமிழில். மதாம்மா நம் ஊரில் இருபது வருஷம் இருந்தவள். வார்டில் ஜெபம் சொல்வதும் தமிழ், மருந்து குடிக்காதவனை ஏசுவதும் தமிழ்.

அதற்கு அடுத்த சித்திரையில் அம்மாவின் தம்பி, எங்கள் பட்டாளத்து மாமா, லீவில் வந்திருந்தார். பட்டாளத்தில் கணக்கெழுதுகிறவர். இங்கிலீஷ் தெரியும். அப்பா கேட்டதும் அயனிச்சக்கைச் சுளை தின்றுகொண்டிருந்த கையைத் துடைத்துவிட்டு, பென்சிலால் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார்.

"மூணே வரி அத்தான். பிள்ளைக்க பேரு, படிப்பு, என்ன வேணும்ங்கிறது. தீந்துது. நாளைக்கே தபால்ல போடும்."

அப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"இவ்வளவுதானா மாப்பிளே? மதாம்மாவுக்குப் போற காயிதமாக்கும். சாரு ஒருக்கா பாத்தா கொள்ளாம்."

"எதுக்கு?"

"சும்மா. ஒருக்கா."

இந்த 'ஒருக்கா'வில்தான் எல்லாம் போயிற்று. அன்றைக்கே போட்டிருந்தால் மூன்றாம் நாள் மதாம்மா கையில் இருந்திருக்கும்.

சார் என்றது பென்சன் வாத்தியாரை. இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், சபைக் கமிட்டிச் செயலாளர். கோயிலின் பக்கத்து அறையில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் உண்டு. எங்கள் தெருவில் வேறு மேசை கிடையாது. மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அவர் அங்கே வந்து உட்காருவார். கூட, சபையில் ஜெபம் நடத்துகிற உபதேசியார் வருவார். சார் கையில் ஒரு பென்சில், ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம். அப்படிப்பட்ட பென்சில் இப்போது எங்கேயும் காணோம். பிழைக்குச் சிவப்பு, திருத்தத்துக்கு நீலம். மாமா எழுதின மூன்று வரியில் அவர் சிவப்பு முனையை இழுத்த சத்தம் எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

"இது என்னவே, கடைக்குச் சாமான் எழுதிவிட்டது மாதிரி? எடுத்த எடுப்பிலேயே நான்னு தொடங்குகாரு! பெரிய ஆளுக்கு எழுதினா நான்னு தொடங்கப்பிடாது. அகங்காரம்."

"அதில பிழை உண்டுமா சார்?" என்றார் மாமா.

"பிழை இல்ல. மரியாதை இல்ல. சின்னச் சின்ன வாக்கியமா எழுதினா ஆர்டர் போடுகது மாதிரி இருக்கும்வே. உம்ம பட்டாளத்தில அது செரி. வாக்கியம்னா ரயிலு மாதிரி போகணும். ஒண்ணோட ஒண்ணு கோத்துக் கோத்து."

"பெட்டி கூடினா இஞ்சின் இழுக்காதே சார்" என்றார் மாமா. சார் சிரிக்கவில்லை.

உபதேசியார் வேதவசனம் ஒன்று முதல் வரியாக வரவேண்டும் என்றார். அவருக்குக் கமா பிடிக்கும். வாசிக்கிறபோது மூச்சு நிற்கிற இடத்தில் கமா போடவேண்டும் என்பது அவர் சட்டம். பாவம், அவருக்கு இழுப்பு நோய். மூன்று வார்த்தைக்கு ஒருதரம் மூச்சு நிற்கும். அங்கெல்லாம் கமா. சார் அதையெல்லாம் சிவப்பால் வெட்டுவார். உபதேசியார் வாசித்துப் பார்த்து, மூச்சு முட்டி, திரும்பவும் போடுவார்.

மாமா நல்ல மனுஷன். ஆனால் ஆண்பிள்ளை அல்லவா? இரண்டு நாளில் அவருக்கும் ரோசம் வந்துவிட்டது. பட்டாளத்தில் பத்திக்குப் பத்தி நம்பர் போடுவோம், அதுதான் முறை என்று வாதாட உட்கார்ந்துவிட்டார். மூன்று வரியை அனுப்பச் சொன்னவரே நம்பருக்காக மூன்று நாள் சண்டை பிடித்தார். என்னத்தைச் சொல்ல!

இதில் நான் எங்கே வந்தேன் என்றால், எழுத்தில். எனக்கு இங்கிலீஷில் பூனையும் நாயும்கூடத் தெரியாது. ஆனால் மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலுகோட்டு நோட்டில் டீச்சரம்மா எழுதவைத்த எழுத்து எனக்கு அச்சு மாதிரி விழும். பார்த்ததை அப்படியே வரைவேன். சார் கை நடுங்கும், உபதேசியார் எழுத்து அவருக்கே விளங்காது, மாமா எழுத்து கோழி கிளறியது. ஆகவே ஒவ்வொரு திருத்தமும் முடிந்ததும் சுத்தப் பிரதி எழுதுவது நான்.

பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை. வெளியே பிள்ளைகள் அயனிச்சக்கைக் கொட்டையை ஓட்டில் வறுத்துத் தின்கிற வாசனை வரும். நான் உள்ளே நாற்காலியில் கால் எட்டாமல் தொங்கப்போட்டுக்கொண்டு எழுதுவேன். மை மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து வைத்திருப்பார்கள். நிப்பை முக்கி, குப்பி வாயில் தட்டி, எழுதி, ரோஸ் நிற ஒற்றுத்தாளால் ஒற்றவேண்டும். வியர்த்த கை தாளில் பட்டால் தீர்ந்தது. ஒரு பக்கம் முடிகிறபோது சாரின் மூக்குப்பொடி அதன்மேல் விழும். உடனே வேறு தாள். அப்பா வாசலில் நின்று, "மக்கா, பைய எழுது, பைய எழுது" என்பார். பெருமை அவருக்கு. அவர் மகளுக்காகச் சபையின் மூன்று பெரிய தலைகள் உட்கார்ந்து எழுதுகிறார்களே.

நாலாம் பிரதி, அஞ்சாம் பிரதி என்று போயிற்று. எனக்கு ஒரு வார்த்தை மட்டும் அடையாளம் தெரியும். அக்காவின் பெயர், மாமா தொட்டுக் காட்டினது. முதல் எழுத்து படம் எடுத்த பாம்பு மாதிரி நிற்கும். மாமா எழுதினதில் அது முதல் வரியில் இருந்தது. இரண்டாம் பிரதியில் நடுப்பக்கத்துக்குப் போயிற்று. அஞ்சாம் பிரதியில் மூன்றாம் பக்கக் கடைசியில் ஒரு வால் மாதிரி தொங்கியது. எழுதி எழுதி அலுத்த எனக்கு அந்தப் பெயர் வந்தால் சந்தோஷம். வந்தாயிற்று, முடியப்போகிறது என்று தெரியும்.

ஆறாம் பிரதிக்கு முந்தின நாள் சார் ஒரு தீர்மானத்துக்கு வந்தார். நான் மேசைக்குப் பக்கத்தில் நிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஓய் உபதேசியாரே, நம்ம ஊரு மரியாதை என்ன? ஒரு வீட்டில பெண்ணு கேக்கப் போனா மொத நாளே கேப்பமா? மழை எப்படி, மாடு கறக்குதா, சக்கை காய்ச்சுதான்னு கேட்டு, தண்ணி குடிச்சிட்டு வருவோம். பொறவு போவும்போதுதான் காரியம். காயிதமும் அப்படித்தான். மொதக் காயிதத்தில வாழ்த்துவோம். மிஷன் செய்த உபகாரத்தைச் சொல்லுவோம். அவியளுக்க மனசு எளகட்டு. ரெண்டாம் காயிதத்தில கேப்போம்."

"அது நல்ல ஒழுக்கம்" என்றார் உபதேசியார். மாமா வாய் திறந்தார். மாமாவின் நம்பர் எல்லாம் வெட்டுப்படாமல் இருக்கும் என்று சார் சொன்னதும் வாயை மூடிக்கொண்டார்.

அவர்கள் பேசின இந்தப் பேச்சு எனக்கு அப்போது முழுசாக விளங்கவில்லை. மறுநாள் எழுதுகிறபோது விளங்கியது. முதல் பக்கம் எழுதினேன். பாம்பெழுத்து இல்லை. இரண்டாம் பக்கம், இல்லை. மூன்றாம் பக்கம் கடைசிவரை வந்து, அடியில் அப்பா கையெழுத்துப் போட இடம் விட்டேன். இல்லவே இல்லை. சார் நீலப் பென்சிலால் திருத்தின தாளை எடுத்து மேலிருந்து கீழே விரல் வைத்துத் தேடினேன். இல்லை.

தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தேன். அப்பா சாரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். சார் என்னைப் பார்த்தார்.

"என்னட்டி? மை தீந்துதா?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று. உபதேசியார் எழுந்துபோய் இன்னொரு மாத்திரை கரைத்துக்கொண்டு வந்தார். குப்பியில் பாதிக்குமேல் மை இருந்தது.

அப்பா கருங்கல் தபாலாபீசுக்கு நடந்துபோய்ப் போட்டுவிட்டு வந்தார். அக்கா அன்றைக்குச் சீனி போட்டுக் கட்டன்காப்பி போட்டாள் எல்லாருக்கும். அவளுக்குத் தெரியாது. நான் கட்டன்காப்பியைக் குடித்துவிட்டுப் போய் முற்றத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

பத்து நாளில் பதில் வந்தது. மதாம்மாவே கைப்பட எழுதியது, தமிழில். உருண்டை உருண்டையான எழுத்து. உங்கள் நீண்ட கடிதம் கிடைத்தது, மிஷனைப் பற்றி எழுதிய நல்ல வார்த்தைகளுக்கு நன்றி, கர்த்தர் உங்கள் சபையை ஆசீர்வதிப்பாராக. அவ்வளவுதான். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உபதேசியார் அதைச் சபையில் வாசித்தார். சார் மீசையைத் தடவிக்கொண்டு அப்பாவிடம், "பாத்தீரா? எளகியாச்சு" என்றார். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்.

அக்கா வீட்டுக்கு வந்து அந்தக் காகிதத்தை வாங்கி இரண்டுதரம் வாசித்தாள்.

"இதில எனக்கு எடம் உண்டா இல்லியான்னு எங்க இருக்கு?"

"அது அடுத்த காயிதத்தில மக்கா."

"அப்போ மொதக் காயிதத்தில என்ன கேட்டிய?"

அப்பா சொன்னார். அக்கா சத்தம் போடவில்லை. "அவியளுக்குத் தமிழு வாசிக்கவும் தெரியும்லா? அப்போ நானே எழுதுகேன். இல்லைன்னா நடந்து போறேன். விடியக்காலம் எறங்கினா மத்தியானத்துக்கு ஆஸ்பத்திரி."

"சாரு எழுதிட்டிருக்கும்போது நீ போய் நின்னா அவருக்க மொகத்தில கரி பூசினது மாதிரி. பேசுகது தமிழில பேசலாம். ஆபீஸ் காரியம் எழுதுகது இங்கிலீஷிலதான். உனக்கு வெளங்காது. பேசாம இரி."

சாரை விரோதித்தால் அப்பாவின் மணியும் போகும், சோறும் போகும். அது அக்காவுக்கும் தெரியும். நர்ஸ் பிள்ளைகள் இரண்டு வெள்ளை ரவிக்கை கொண்டுபோகவேண்டும் என்று கேள்விப்பட்டு, அப்பாவின் பழைய வேட்டியில் கிழியாத பக்கத்தை வெட்டித் தைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் காகிதம் முதலாவதைவிட மோசம். சார் நடுவில் எட்டு நாள் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். வந்ததும், முன்பு வெட்டின ஒரு வாக்கியம் நல்ல வாக்கியம், அதை இதில் சேர்க்கவேண்டும் என்றார். உபதேசியாருக்கு மூச்சுக்கு இடம் வேண்டும். மாமா லீவு முடிந்து போய்விட்டார். போகிறபோது அம்மாவிடம், "அக்கா, அந்த மூணு வரியையே அனுப்பியிருக்கலாம்" என்றாராம். அதைச் சபையில் வைத்துச் சொல்லவேண்டியதுதானே? சொல்லமாட்டார்கள். பெண்டுகளிடம் வந்து சொல்வார்கள்.

மழை தொடங்கிவிட்டது. கோயில் ஓட்டில் சாரல் அடிக்க, நான் எழுதினேன். பாம்பெழுத்து மூன்றாம் பக்கத்தில் வந்தது. வந்ததே என்று இருந்தது. ஆனால் முதல் இரண்டு பக்கத்தில் மதாம்மா என்னத்தைக் கண்டு மூன்றாம் பக்கம் வரப்போகிறாள்? சாரும் உபதேசியாரும் வாசலில் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டுக் கூரை ஒழுகுகிற இடத்தில் சட்டி வைக்கப் போனார். நான் நிப்பை முக்கி, கையெழுத்துக்குக் கீழே தமிழில் எழுதினேன்: எங்க அக்காவுக்கு நர்ஸ் படிக்க இடம் வேணும். எழுதி ஒற்றி, நானே மடித்து உறையில் போட்டு ஒட்டிவிட்டேன்.

பதில் ஒரு கார்டில் வந்தது. "கடைசி வரியை எழுதிய பிள்ளைக்கு" என்று தொடங்கியது. "வகுப்பு போன வாரம் தொடங்கிவிட்டது. முதல் கடிதம் வந்தபோது இரண்டு இடம் காலியாக இருந்தது. ஏன் அப்போது கேட்கவில்லை? அடுத்த வருடம் அக்காவை நேரில் வரச் சொல்."

கார்டு அல்லவா, வழியில் எல்லாரும் வாசித்துவிட்டார்கள். சார் வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது அன்றைக்குத்தான்.

"கெடுத்துப்போட்டாளே! ஒரு மாசம் இருந்து எழுதின இங்கிலீஷ் காயிதம். அடியில கொண்டுபோய்த் தமிழில கிறுக்கி வச்சிருக்கா. மதாம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்? அதான் எடம் இல்லன்னுட்டா!"

"சார், அதில அப்படி எழுதல்லியே" என்றாள் அக்கா.

"நீ சும்மா இரி பிள்ளே. மரியாதைக்கு வேற மாதிரி எழுதியிருக்கா. உள்ளது இதுதான்."

அப்பா என்னை அடித்தார். அவர் வாழ்நாளில் என்னை அடித்தது அந்த ஒருதரம். சபை முழுக்க அப்படியே பரவியது. கோயில்குட்டிக்க மூத்தவளுக்கு வந்த வேலையை இளையவள் கெடுத்தாள். எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகும் ஒருத்தி கல்யாண வீட்டில் அப்படிச் சொல்லி என்னைக் காட்டினாள். நான் மறுத்துச் சொல்லவில்லை. சொன்னால் மீதியையும் சொல்லவேண்டி வரும்.

அடுத்த வருஷம் என்று ஒன்று வரவில்லை. தை மாசமே அக்காவுக்குக் கல்யாணம் முடித்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர் பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அனுப்பமாட்டோம் என்றார்கள். அண்டி ஆபீசுக்கு அனுப்பினார்கள். சுட்ட முந்திரிக்கொட்டையை உடைத்து உடைத்து, அதன் மேல்தோட்டு எண்ணெய் பட்டு, புண்ணைக் கட்டினால் வலிக்காத அந்தக் கை விரல் நுனி எல்லாம் கறுத்து வெடித்துப்போயிற்று. ஆனாலும் தெருவில் யாருக்குப் பிரசவ வலி எடுத்தாலும் முதலில் அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

இவ்வளவும் அடுத்தவர்கள் குற்றம். நான் சொல்ல வந்தது என் குற்றம்.

அடி வாங்கின அன்றைக்குச் சாயந்திரம் அக்கா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டுபோய் முதுகில் எண்ணெய் தடவினாள். "நீ எழுதினதாலதான் பதிலாவது வந்துது. அவரு கெடக்காரு" என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ஏட்டி, மொதக் காயிதம் எழுதும்போது எனக்க பேரு அதில இல்லன்னு நீ பாக்கல்லியா? பாத்திருந்தா எங்கிட்ட சொல்லியிருப்பல்லா?"

"பாக்கல்ல" என்றேன்.

"உனக்கு எங்க இங்கிலீஷ் தெரியும்" என்று சொல்லி அவள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் அதைக் கேட்டதே இல்லை.

இது சங்கத்துப் புத்தகத்தில் வந்தால் அக்காவும் வாசிப்பாள். அவளுக்குக் கண் நன்றாக இருக்கிறது. அட்டையிலிருந்து மரண அறிவிப்புவரை ஒன்றுவிடாமல் வாசிக்கிறவள். அக்கா, பார்த்தேன். தாள் முழுக்க விரல் வைத்துத் தேடிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து உன் வீட்டுக்கு வருகிறேன். திட்டுகிறதானால் வீட்டுக்குள் வைத்துத் திட்டு. தெருவில் வேண்டாம், எனக்கு வெட்கம்.